214-ஆம் பக்கத்தில் ஓர் ‘இருக்கட்டும்’

அச்சகத்தில் அவளுக்குக் ‘கமா’ என்று பெயர். இயந்திரம் ஓட்டுகிறவர் வைத்தது. யாரோ ஒருவருடைய பிரிவு உபசார மடலில் ஒரு கமா விட்டுப் போயிருக்கிறது என்று ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தையே அவள் நிறுத்தச் சொன்னாள். எண்ணூறு மடலைக் குப்பையில் போட்டுவிட்டு மறுபடி அடிக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து முதலாளி முதல் பைண்டிங் ஆள் வரை எல்லோருக்கும் அவள் கமாதான். முதலில் கோபப்பட்டாள். பிறகு அந்தப் பெயரில் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்த்தாள்.

இயந்திரக் கூடத்துக்குப் பின்னால் ஒரு மேசை மட்டுமே கொள்கிற அறை அவளுடையது. ஜன்னலைத் திறந்தால் பஸ் டிப்போவின் சுவர். மேசைமேல் இரண்டு பேனா. பிழையைத் திருத்தச் சிவப்பு, சந்தேகம் கேட்கப் பச்சை. ஒரு இரும்பு ஸ்கேல், ஒரு பூதக்கண்ணாடி, முதுகு கழன்ற ஓர் அகராதி. பத்தொன்பது வருஷமாக அவள் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்து அடுத்தவர் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு காலை முதலாளி கட்டுக் காகிதத்தோடு உள்ளே வந்தார். முகம் எல்லாம் பல்.

“கமா, பெரிய எடத்து வேலை. பேராசிரியரோட புக்கு. பொருளாதாரச் சொல்விளக்கம். அவரே நம்மளத் தேடி வந்திருக்காரு. அரசாங்கப் பரீட்சைக்கெல்லாம் பார்வை நூலா வைக்கப் போறாங்களாம். ஒரு தப்பு இருக்கக் கூடாது, பாத்துக்கோங்க.”

அவள் மேல்தாளைப் பார்த்தாள். பெயரைப் படித்ததும் காது மடல் இரண்டும் சுட்டன. முதலாளி போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு, அந்தப் பெயரின்மேல் பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தாள். அதே ஆள்தான். சந்தேகமே இல்லை.

இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் பாடநூல் அலுவலகத்தில் உதவிப் பதிப்பாசிரியர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். நிரந்தர வேலை. எழுத்துத் தேர்வில் அவள் முதலிடம். நேர்முகம் வெறும் சம்பிரதாயம் என்றார்கள். அப்போது அவள் அண்ணன் வீட்டின் பின்னறையில் இருந்தாள். ஒரு டியூஷன் சென்டரில் பாடம் சொல்லிக் கொடுத்துத் தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டாள். வேலை கிடைத்ததும் தனியாக ஓர் அறை எடுத்துக்கொள்வது என்று முடிவு. அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறையைப் பார்த்தும் வைத்திருந்தாள். அறைக்காரி சாவியைக் கையில் கொடுத்துத் திறந்து பார்க்கச் சொல்லியிருந்தாள்.

நேர்முகத்தில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் அப்போதுதான் பேராசிரியர் ஆகியிருந்தார். யூரோ நோட்டு புழக்கத்துக்கு வந்த புதுசு அது.

“ஒரே நாணயத்தைப் பொதுவா வச்சிருக்கிற அந்த நாடுகளுக்கு மொத்தமா என்ன பேரு?” என்று கேட்டார்.

“யூரோ மண்டலம் சார்.”

“சரி. அதுக்கு இன்னொரு பேரு?”

“இன்னொரு பேரு இல்லயே சார்.”

“ஐரோப்பிய ஒன்றியம்னு கேள்விப்பட்டதில்லையா?”

“அது வேற சார். ஒன்றியத்துல இருக்கிற நாடு எல்லாம் யூரோவை எடுத்துக்கல. சுவீடன், டென்மார்க் எல்லாம் ஒன்றியத்துலதான் இருக்கு, ஆனா சொந்த நாணயம் வச்சிருக்கு. எடுத்துக்கிட்ட உறுப்பு நாடுகளுக்கு மட்டும்தான் யூரோ மண்டலம்னு பேரு.”

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மற்ற நால்வரையும் ஒரு பார்வை பார்த்தார்.

“அப்படின்னா ஒரே வீட்டுல இருக்கிறவங்க ஆளுக்கொரு பர்ஸ் வச்சிருப்பாங்களோ?”

“எங்க வீட்டுல அப்படித்தான் சார்,” என்றாள். அது உண்மை. அதனால்தான் சொன்னாள்.

ஐந்து பேரும் சிரித்தார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “போங்கம்மா, போய் முதல்ல வீட்டைச் சேத்து வைங்க,” என்றார் பேராசிரியர். அடுத்து உள்ளே போனவருக்கு வேலை கிடைத்தது. அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார்களாம். இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னாராம்.

வேலை போனதைக்கூட அவள் ஒரு வழியாகச் செரித்துக்கொண்டிருப்பாள். அந்த ஆள் விடவில்லை. வகுப்பில் சொன்னார். நூலக ஆண்டு விழாவில் சொன்னார். அன்று அவள் கடைசி வரிசையில் இருந்தாள். செய்தித்தாளில் வாரம் ஒரு பத்தி எழுதிக்கொண்டிருந்தார், அதில் மூன்று முறை எழுதினார். “ஆளுக்கொரு பர்ஸ் பொண்ணு” என்பது ஊரில் ஒரு வேடிக்கையாகிவிட்டது. சொல்லச் சொல்ல அந்தப் பெண் கொஞ்சம் கொஞ்சமாக முட்டாளாகிக்கொண்டே போனாள். முதலில் பதில்தான் தப்பு. பிறகு திக்கித் திணறினாள். பிறகு கைப்பையைத் திறந்து பர்ஸை எடுத்தே காட்டினாள். அண்ணன்கூட ஒரு நாள் சாப்பிடும்போது அந்தப் பத்தியை வாசித்துவிட்டுச் சிரித்தான். யாரைப் பற்றியது என்று அவனுக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

அந்த மாடி அறைக்கு வேறு யாரோ குடிவந்தார்கள். அவள் பின்னறையிலேயே தங்கிவிட்டாள்.

இப்போது அந்த ஆள் எழுதிய இருநூற்று அறுபது பக்கம் அவள் மேசையில் கிடந்தது.

முதல் நாளே ‘ய’ எழுத்துக்குப் பாய்ந்துவிடலாம் என்று கை துடித்தது. அடக்கிக்கொண்டாள். வரிசைப்படியே படித்தாள். பிழைக்குப் பஞ்சமில்லை. ஒற்று மிகாத இடத்தில் மிகுந்திருந்தது, ஆண்டுகள் மாறியிருந்தன, ஒரு வரைபடம் தலைகீழாக இருந்தது. எல்லாவற்றையும் திருத்தினாள். பழி வாங்குகிற கை இவ்வளவு சுத்தமாக வேலை செய்யுமா என்று அவளுக்கே ஆச்சரியம். ஆனால் காரணம் இருந்தது. மற்றதெல்லாம் பளிச்சென்று இருந்தால்தான் கறை கண்ணுக்குத் தெரியும்.

அதற்குள் ஆளின் குணமும் பிடிபட்டுவிட்டது. 37-ஆம் பக்கத்தில் ஒரு சதவீதம் இடித்தது. முதலாளி போனில் பணிவாகக் கேட்டார். “அடடா, நல்லவேளை சொன்னீங்க” என்று பேராசிரியர் உடனே மாற்றச் சொன்னார். 58-ஆம் பக்கத்தில் வேறொரு சந்தேகம். அதை அவளே பச்சை மையில் ஓரத்தில் எழுதி அனுப்பியிருந்தாள். தாள் திரும்பி வந்தபோது பக்கத்தில் கிறுக்கியிருந்தார்: ‘புரூஃப் பார்க்கிறவர் எழுத்துப் பிழையை மட்டும் பார்த்தால் போதும்.’ மேலே இருப்பவர் சொன்னால் கேட்பார், கீழே இருப்பவர் சொன்னால் உண்மையையே மிதிப்பார். அவளுக்கு அது போதும்.

நான்காம் நாள் 214-ஆம் பக்கத்துக்கு வந்தாள். அங்கே இப்படி இருந்தது:

‘யூரோ மண்டலம்: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வழங்கும் மறுபெயர். ஒன்றியத்தின் உறுப்பு நாடுகள் அனைத்தும் யூரோ என்னும் பொது நாணயத்தைப் பயன்படுத்துவதால் இப்பெயர் பெற்றது. (இவ்விரண்டும் வேறு வேறு என்று வாதிட்டு, தன் வீட்டில் ஆளுக்கொரு பணப்பை இருப்பதை அதற்கு ஆதாரமாகக் காட்டிய பெண்மணி ஒருவரை இந்நூலாசிரியர் ஒரு நேர்முகத் தேர்வில் சந்தித்ததுண்டு!)’

அந்த ஆச்சரியக்குறியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

முதலாளியிடம் சொன்னால் ஒரே போனில் சரியாகிவிடும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். பச்சைப் பேனாவை எடுத்தாள். ஓரத்தில் பெரிய எழுத்தில் எழுதினாள்: ‘இது தவறு. யூரோ மண்டலம் வேறு, ஐரோப்பிய ஒன்றியம் வேறு. திருத்தவும். இப்படிக்கு, புரூஃப் பார்ப்பவள்.’ ‘பார்ப்பவர்’ என்று எழுதவந்த கையை நிறுத்தி, ‘பார்ப்பவள்’ என்றே எழுதினாள். ‘ஐயா’ போடவில்லை. அவருக்கு எங்கே சுருக்கென்று தைக்கும் என்று அளந்து எழுதினாள்.

தைத்தது. மறுநாள் மத்தியானம் ஆளே நேரில் வந்துவிட்டார். தலை முழுக்க நரைத்திருந்தது. குரல் மட்டும் அப்படியே.

“யாரும்மா இதை எழுதினது?”

“நான்தான் சார்.”

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. “உங்களுக்கு ஒரு கதை சொல்றேன், கேளுங்க,” என்று ஆரம்பித்தார். இயந்திரம் ஓட்டுகிறவரும் எட்டிப் பார்த்தார். நேர்முகத் தேர்வு, ஐந்து பேர், பர்ஸ். இந்தத் தடவை அந்தப் பெண் பர்ஸைத் தூக்கிக் காட்டிவிட்டு, வேலை கிடைக்காது என்று தெரிந்ததும் காலில் விழுந்து அழுதாள். இயந்திரம் ஓட்டுகிறவர் விழுந்து விழுந்து சிரித்தார். கமாவும் சிரித்தாள். மேசைக்கு அடியில் இடது கை ஸ்கேலை இறுக்கிப் பிடித்திருந்தது.

“அப்போ இது இப்படியே இருக்கட்டுமா சார்?”

“இருக்கட்டும்.”

“அதை இங்கயே எழுதி, தேதி போட்டு ஒரு கையெழுத்து வச்சிடுங்க சார். எங்க வழக்கம்.”

அப்படி ஒரு வழக்கமே கிடையாது. அவர் அவளுடைய சிவப்புப் பேனாவையே வாங்கி, ‘இருக்கட்டும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, இரண்டு கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டார். அவர் போனதும் அவள் அந்தத் தாளைக் காகிதக் கட்டிலிருந்து உருவிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். அன்று வீட்டுக்குப் போகிற வழியில் காரணமே இல்லாமல் ஒரு ஜோடி புதுச் செருப்பு வாங்கினாள்.

புத்தகம் வெளிவந்தது. பரீட்சை வாரியம் பார்வை நூலாக அறிவித்தது. செய்தித்தாளில் பாராட்டு வந்தது. “அச்சுப்பிழை மருந்துக்கும் இல்லை” என்று ஒருவர் எழுதியிருந்தார். கமா தினமும் காத்திருந்தாள். யாராவது ஒரு வாத்தியார், யாராவது ஒரு மாணவன் பார்த்துவிட்டுக் கத்துவான், மேடையில் அந்த ஆளைப் பிடித்து உலுக்குவான் என்று. ஒரு மாதம், ஆறு மாதம், ஒரு வருஷம். ஒரு ஈ காக்கா அசையவில்லை. சொல்விளக்கத்தை யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்? அவள் பழி அலமாரி அலமாரியாகத் தூங்கியது.

அது விழித்துக்கொண்டபோது அவள் வீட்டிலேயே வந்து விழுந்தது.

அண்ணன் மகள் அரசாங்க உதவியாளர் தேர்வு எழுதியிருந்தாள். இருபத்து நான்கு வயது, மூன்றாவது முயற்சி. விடைப் பட்டியல் வெளியான அன்று மாலை பின்னறைக்கு வந்து கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தாள். கையில் வினாத்தாள், மடியில் அந்தப் புத்தகம்.

“ஒரு மார்க்கு அத்தை. ஒரே ஒரு மார்க்குல போச்சு.”

“எந்தக் கேள்வி?”

“அறுபத்து மூணு. யூரோ மண்டலம்னா என்ன? யூரோவை ஏத்துக்கிட்ட உறுப்பு நாடுகள் மட்டும்னு போட்டேன். நான் கரெக்ட்டாதான் போட்டேன். ஒன்றியத்துல இருக்கிற எல்லா நாடும்னு விடை குடுத்திருக்காங்க. கேட்டா இந்தப் புக்கைக் காட்டுறாங்க.” பக்கத்தைப் புரட்டியவள் சட்டென்று நிமிர்ந்தாள். “இது உங்க பிரஸ்ல அடிச்சதுதானே? நீங்கதானே புரூஃப் பாத்தீங்க? இதைக் கவனிக்கலையா?”

பொய் சொல்ல நேரம் இருந்தது. அவள் சொல்லவில்லை.

“கவனிச்சேன்.”

“அப்புறம்?”

இழுப்பறையில் பூட்டிவைத்ததைப் பற்றியும், அதற்கு முன்னால் நடந்ததைப் பற்றியும் முதல் தடவையாக இன்னொருவரிடம் சொன்னாள். பாதியிலேயே பெண்ணின் முகம் மாறிவிட்டது.

“அந்த பர்ஸ் கதை... அது நீங்களா?”

“நான்தான்.”

“அந்தாளு மேல உங்களுக்குக் கோவம், சரி. அதுக்கு நாங்கதான் கெடச்சோமா? எத்தனை பேரு இந்தக் கேள்வியில மார்க்கு விட்டிருப்பாங்க? தெரிஞ்சே விட்டீங்களே அத்தை.”

“அவன் மூஞ்சியிலதான் வெடிக்கும்னு நெனச்சேன்.”

“வெடிச்சுது பாருங்க, என் மூஞ்சியில.”

பெண் எழுந்து போனாள். கதவை அறையவில்லை, மெதுவாகச் சாத்தினாள். அதுதான் அதிகம் வலித்தது. கமா அன்று தன்னைத் திட்டிக்கொண்டாள். ஆனால் எப்படித் திட்டினாலும் கடைசியில் அது அந்த ஆளிடமே போய் நின்றது. அன்று சரியான பதில் சொன்னதற்காக அத்தையை வெளியே அனுப்பினான். இப்போது அதே பதிலுக்காக அண்ணன் மகளை. மனத்தில் மிச்சம் மீதி இருந்த தயக்கமும் அன்றோடு போயிற்று.

விடைக்கு ஆட்சேபம் தெரிவிக்க ஏழு நாள் அவகாசம். அத்தையும் பெண்ணும் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் ஒரே மேசையில் உட்கார்ந்து மனு தயாரித்தார்கள். எதிலெல்லாம் சரியான விளக்கம் இருந்ததோ அதையெல்லாம் நகல் எடுத்து இணைத்தார்கள். யூரோ இல்லாத உறுப்பு நாடுகளின் பட்டியல் ஒரு தாள். உறுப்பினராக இல்லாமலே யூரோவைப் பயன்படுத்துகிற மான்டினீக்ரோவைப் பற்றி ஒரு தாள். வாக்கியங்களை அத்தை திருத்தினாள், பெண் வாய் திறக்காமல் தட்டச்சு செய்தாள்.

வினாத்தாள் குழுவிலும் இருந்த பேராசிரியரிடம் வாரியம் விளக்கம் கேட்டது. அவர் யோசிக்கவே இல்லை. ‘என் கையெழுத்துப் பிரதி சரியாகவே இருந்தது. அச்சகத்தின் புரூஃப் பார்ப்பவரால் நேர்ந்த பிழை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அச்சகத்தின் பெயரைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப் போவதாக முதலாளிக்குக் கடிதம் வந்தது.

முதலாளி வெளிறிப்போய்ப் பேராசிரியரைத் தன் அறைக்கு வரவழைத்தார். கமாவையும் கூப்பிட்டார். மேசையில் வாரியத்தின் கடிதம் விரித்திருந்தது.

“இந்தம்மாதான்,” என்றார் பேராசிரியர். “அன்னிக்கே ஏதோ வேண்டாத வேலை பாத்தாங்க. இந்த மாதிரி ஆளை வச்சுக்கிட்டா உங்க பேருதான் கெடும்.”

கமா உறையோடு தாளை மேசைமேல் வைத்தாள். உறையை அவள் விடவில்லை. இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

முதலாளி குனிந்து படித்தார். ஓரத்தில் பச்சையில் ‘இது தவறு’. அதன்கீழ் சிவப்பில் ‘இருக்கட்டும்’. தேதி, கையெழுத்து. அவர் நிமிர்ந்து பேராசிரியரைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதலாளி ஒரு வாடிக்கையாளரை அப்படிப் பார்த்து அவள் கண்டதில்லை.

“இது... அவசரத்துல...” என்றார் பேராசிரியர்.

“அவசரமே இல்ல சார். உக்காந்து ஒரு கதை சொன்னீங்க,” என்றாள் கமா. “அந்தக் கதையில வர்ற பொண்ணு நான்தான். நான் பர்ஸை எடுத்துக் காட்டல. அழல. கால்லயும் விழல. நீங்க கேட்டதுக்குச் சரியான பதில் சொன்னேன். உங்களுக்குத் தெரியல, அதனால சிரிச்சீங்க.”

மன்னிப்புக் கேட்பார், அல்லது கத்துவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தாள். அவரோ புருவத்தைச் சுருக்கி அவள் முகத்தையே பார்த்தார். பிறகு உண்மையிலேயே குழம்பிப்போன குரலில் சொன்னார்:

“அப்படி ஒரு ஆள் நிஜமாவே வந்தாங்களா? நானா கற்பனை பண்ணின கதைன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

இத்தனை வருஷம் அவள் ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டிருந்த ஆளின் மண்டையில் அவள் ஒரு ஆளாகவே இருந்ததில்லை. உறையை இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

“அப்ப இனிமே மறக்க மாட்டீங்க சார்,” என்றாள். “வாரியத்துக்கு இதோட நகல் காலையிலேயே போயிடுச்சு.”

அவர் தடுமாறி எழுந்து போனபிறகு, முதலாளி நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “ஏன் கமா, அன்னிக்கே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? நான் போன் போட்டுப் பேசியிருப்பேனே.”

“பேசியிருப்பீங்க. அவரும் கேட்டிருப்பாரு,” என்றாள்.

முதலாளிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார். அதன்பிறகு அவர் அவளிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் பேசினார்.

வாரியம் விடையை மாற்றியது. அறுபத்து மூன்றாம் கேள்விக்குச் சரியாக எழுதிய அத்தனை பேருக்கும் மதிப்பெண் கிடைத்தது. பேராசிரியரை வினாத்தாள் குழுவிலிருந்து நீக்கினார்கள். பொய் விளக்கம் கொடுத்ததும் சேர்ந்து செய்தித்தாளில் வந்தது, அவர் பத்தி எழுதிய அதே தாளில். அந்தப் பத்தி நின்றுபோனது. கமா அந்தச் செய்தியை மூன்று தடவை படித்தாள். அதில் ஓர் ஒற்றுப்பிழை இருந்தது. பழக்க தோஷத்தில் சிவப்பில் சுழித்தாள்.

விற்காமல் கிடந்த பிரதிகளில் பிழைத்திருத்தச் சீட்டு ஒட்டியே விற்க வேண்டும் என்று உத்தரவு. சீட்டில் போட வேண்டிய வாசகத்தை அவளையே எழுதச் சொன்னார் முதலாளி. ‘யூரோ மண்டலம்: ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடுகளில், யூரோவைத் தம் நாணயமாக ஏற்றுக்கொண்டவை மட்டும் சேர்ந்த தொகுதி. ஒன்றியத்தில் இருந்தும் சொந்த நாணயம் வைத்திருக்கும் நாடுகள் இதில் சேரா.’ பழைய பதிவு முழுவதும், அடைப்புக்குறியும் ஆச்சரியக்குறியும் சேர்த்து, மறையும்படி ஸ்கேல் வைத்து அளவு கொடுத்தாள்.

ஆயிரத்து நூறு பிரதி. பைண்டிங் ஆட்கள் ஒட்டித் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்று தட்டு வண்டி வைத்து வீட்டுக்கு எடுத்துப் போனாள். விடுமுறை நாள் காலையில் பின்னறைத் தரையில் உட்கார்ந்து பசையைத் தடவினாள். புத்தகத்தைத் திறப்பாள், சீட்டை வைப்பாள், கட்டைவிரலால் ஓரம் ஓரமாக அழுத்தித் தேய்ப்பாள். அடுத்தது.

அண்ணன் மகள் வாசலில் வந்து நின்றாள். பணி நியமனக் கடிதம் வந்து இரண்டு நாளாகியிருந்தது. அதை அத்தையிடம் அவளாகச் சொல்லவில்லை. அண்ணிதான் சொன்னாள்.

“இத்தனையும் நீங்களேவா ஒட்டப் போறீங்க?”

“ஆமா.”

“எனக்கு இன்னும் கோவம் போகல.”

“போக வேணாம். இருக்கட்டும்.”

பெண் குனிந்து, ஒட்டி முடித்த பிரதி ஒன்றைப் புரட்டிப் பார்த்தாள். “அதுக்கு ஏன் அத்தை இப்படிப் போட்டுத் தேய்க்கிறீங்க? லேசா வச்சாலே ஒட்டிக்கும்.”

கமா தலை நிமிரவில்லை. அடுத்த பிரதியை எடுத்தாள்.

“லேசா வச்சா பின்னாடி எவனாவது பிச்சுப் பாப்பான்.”